குடி, மனவடு, மாத்திரை: சில குறிப்புகள்

குடியைப் பற்றி நம்மிடையே பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள்தாம் கேட்கின்றன. 'கடைகளை இழுத்து மூடு' என்பது ஒன்று. 'ஏம்ப்பா இப்படிக் குடிக்கிற, பொண்டாட்டி புள்ளைங்கள நெனச்சுப் பாக்க மாட்டியா' என்பது மற்றொன்று. முதல் குரலில் குடிப்பவன் அரசால் ஏமாற்றப்பட்டவன். இரண்டாவதில் அவன் குற்றவாளி. இந்த இரண்டு சொல்லாடல்களும் எதிரெதிராகத் தோன்றினாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டிலுமே குடிப்பவனுக்கு உடம்பு கிடையாது. விடியற்காலை நான்கு மணிக்கு நடுங்குகிற கை, சோறு இறங்காத வயிறு, கண்ணை மூடினால் வந்து நிற்கிற ஒரு காட்சி, இவை எதற்கும் இந்தப் பேச்சுகளில் இடமில்லை. அந்த உடம்பைப் பற்றியும், அதற்குக் கொடுக்கப்படும் (பெரும்பாலும் கொடுக்கப்படாத) சில மாத்திரைகளைப் பற்றியும், அந்த மாத்திரைகளுக்குள் பொதிந்திருக்கும் வதை குறித்த கருத்தாக்கங்களைப் பற்றியும் சில குறிப்புகளை இங்கே வைக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. ஆனால் மருத்துவம் என்பது மருத்துவர்கள் மட்டுமே பேச வேண்டிய விஷயம் என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டோம்?

1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்த மதுவிலக்கு, 1971இல் கருணாநிதி அதைத் தளர்த்தியது, 1974இல் மறுபடி மூடியது, 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தது, 1983இல் டாஸ்மாக், 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது என்று இந்த வரலாறு நம் எல்லோருக்கும் மனப்பாடம். 2023-24இல் மதுவிலிருந்து தமிழக அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். இதையும் மேடைதோறும் சொல்கிறோம். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. அதை நாம் எந்த மேடையிலும் சொல்வதில்லை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மீதி 37 பேருக்கு நம்மிடம் இருப்பது முழக்கமும் புத்திமதியும் மட்டும்தான்.

கடை மூடப்பட வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மூடிய மறுநாள் காலையில் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறோமா? 2020 மார்ச் கடைசியில், ஊரடங்கில், அந்த மறுநாள் வந்தே விட்டது. வார்னிஷையும் ஷேவிங் லோஷனையும் குடித்துச் செத்தவர்களின் செய்தி தினமும் வந்தது. கேரள அரசு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மது வழங்கலாம் என்று ஓர் ஆணை போட்டது. ஒரு வாரம் முடிவதற்குள் அங்கே உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நாம் எல்லோரும் அந்த ஆணையைப் பார்த்துச் சிரித்தோம். சிரிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொண்டிருக்கலாம். பல வருஷமாகத் தினமும் கடுமையாகக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பு வரும், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கும். கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். இதற்கு மருத்துவம் மது அல்ல. சில நாட்களுக்கு அளவு குறைத்துக்கொண்டே போகிற லிப்ரியம் வகை மாத்திரையும் வைட்டமின் பி1 ஊசியும்தான். முகாம் போட்டு, கற்பூரம் ஏற்றி, 'இந்த நிமிஷத்திலிருந்து தொட மாட்டேன்' என்று ஊரையே சத்தியம் செய்ய வைக்கிற தோழர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். சத்தியம் அறத்துக்குப் போகும். நடுக்கம் நரம்புக்குத்தான் போகும்.

இது குடியை விடுகிற முதல் வாரத்தின் கதை. அதற்குப் பிறகான மாதங்களுக்கு மூன்று மாத்திரைகள் இருக்கின்றன: டைசல்ஃபிராம், நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட். மூன்றுமே காப்புரிமைக் காலம் முடிந்து இந்தியாவில் பொதுப்பெயரில் கிடைப்பவை. அகாம்ப்ரோசேட்டை விட்டுவிடுகிறேன்; குடியை நிறுத்தியவனின் மூளையில் கிளம்பும் பதற்றத்தைத் தணிப்பது அதன் வேலை. கோட்பாட்டளவில் நமக்குச் சுவையானவை முதல் இரண்டும்.

டைசல்ஃபிராம் முதலில் மருந்தே இல்லை. ரப்பரைப் பதப்படுத்துகிற தொழிற்சாலையில் அதற்குப் புழக்கம். 1937இல் அமெரிக்காவில் ஒரு ஆலை மருத்துவர், இதே குடும்பத்தைச் சேர்ந்த வேதிப்பொருளைக் கையாளும் தொழிலாளிகள் ஒரு கிளாஸ் பீர்கூடக் குடிக்க முடியாமல் தவிப்பதைக் கவனித்து எழுதினார். பத்து வருஷம் கழித்து கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகொப்சன் என்ற இருவர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தாகுமா என்று பார்க்க அதைத் தாங்களே விழுங்கினார்கள். அதன் பிறகு குடித்தபோதெல்லாம் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியது. 1948இல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். விஷயம் இதுதான்: நாம் குடிக்கிற மதுவை ஈரல் இரண்டு படிகளில் உடைக்கிறது. முதல் படியில் உண்டாகும் அசிட்டால்டிஹைடு ஒரு நச்சு. இரண்டாவது படியில் அது தீங்கற்றதாக மாறுகிறது. டைசல்ஃபிராம் அந்த இரண்டாவது படியின் நொதியை முடக்கிவிடுகிறது. நச்சு தேங்குகிறது.

ஆக, இந்த மருந்தின் தத்துவம் தண்டனை. ஆரம்ப காலத்தில் மருத்துவமனைகளில் நோயாளிக்கு அதிக அளவில் மாத்திரையைக் கொடுத்து, பிறகு மருத்துவர் முன்னாலேயே மதுவையும் குடிக்கச் சொல்வார்கள். அவன் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடப்பதுதான் பாடம். சிலர் செத்தும் போனார்கள். பின்னாளில் அளவைக் குறைத்தார்கள், குடிக்கவைத்துப் பார்க்கும் சோதனையையும் கைவிட்டார்கள். 'வெளையாடாத, மாத்திரை போட்டிருக்க, குடிச்சா செத்துருவ' என்று சொன்னால் போதும் என்றாயிற்று.

இங்கேதான் ஃபூக்கோவின் வாசகர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். டைசல்ஃபிராம் பற்றி நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்து 2014இல் ஓர் ஆய்வு வந்தது. யாருக்கு உண்மையான மாத்திரை, யாருக்கு வெற்று மாத்திரை என்று நோயாளிக்குத் தெரிந்த சோதனைகளில் மருந்து நன்றாக வேலை செய்தது. தெரியாத சோதனைகளில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. ஏனென்றால் வெற்று மாத்திரை விழுங்கியவனும் அதே அளவு பயந்தான். அதாவது வேலை செய்வது வேதிப்பொருள் அல்ல, அதைப் பற்றிய பேச்சு. கண்காணிப்புக் கோபுரத்தில் காவலன் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, இருக்கிறான் என்று கைதி நம்பினால் போதும் என்று 1975இல் ஃபூக்கோ எழுதிய சிறைச்சாலை, இங்கே 250 மில்லிகிராம் எடையில் வயிற்றுக்குள் இருக்கிறது.

இதை இன்னும் ஒரு படி இழுத்தால் நம்மூர் வந்துவிடும். 'அவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்' என்று மின்கம்பங்களில் ஒட்டிய நோட்டீஸ்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று எல்லா நேரமும் சொல்ல முடியாது. ஆனால் டைசல்ஃபிராமையே பொடித்துக் குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் இந்திய உளமருத்துவர்கள் நன்கறிந்தது. மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால் இதன் அபத்தம் புரியும். அவனுக்குத் தெரியாததால் பயம் இல்லை, பயம்தான் மருந்து. எஞ்சுவது நச்சு மட்டும். இருதயம் பலவீனமான ஒருத்தன் குவார்ட்டரைக் கவிழ்த்தான் என்றால் வீடு இழவு வீடாகிவிடும். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. இருபது வருஷம் அடிவாங்கியவள், கையில் கிடைத்ததை எடுத்தாள். அவள் கையில் அது மட்டுமே கிடைக்கும்படி வைத்திருப்பது யார் என்பதுதான் கேள்வி.

சரி, ஒளிவுமறைவில்லாமல் கொடுத்தால்? 2004இல் மும்பையிலிருந்து வந்த ஓர் ஆய்வு 100 ஆண்களில் பாதிப்பேருக்கு டைசல்ஃபிராமும் பாதிப்பேருக்கு நால்ட்ரெக்ஸோனும் கொடுத்து ஒரு வருஷம் கவனித்தது. டைசல்ஃபிராம் எடுத்தவர்களில் 86 சதவீதம் பேர் குடிக்காமல் இருந்தார்கள், நால்ட்ரெக்ஸோனில் 44 சதவீதம். மேலைநாட்டு எண்களை வைத்துப் பார்த்தால் இது நம்ப முடியாத வெற்றி. வெற்றியின் ரகசியம் ஆய்விலேயே இருக்கிறது: மாத்திரையை ஒழுங்காக எடுக்க வைப்பதற்கு வீட்டில் ஆள் இருப்பவர்கள்தாம் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். 'வீட்டில் ஆள்' என்றால் நம் சமூகத்தில் யார் என்று சொல்லத் தேவையில்லை. தினமும் காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டி, அவன் விழுங்கினானா, நாக்குக்கு அடியில் ஒளித்தானா என்று பார்க்கிறவள். மருந்தாளுநர், செவிலி, ஜெயிலர் ஆகிய மூன்று உத்தியோகமும் சம்பளமில்லாமல் அவளுக்கு. ஆய்வின் அட்டவணையில் அவளுக்கு ஒரு பத்தி கிடையாது. வீடில்லாதவனுக்கு, பெண்டாட்டி விட்டுப் போனவனுக்கு, குடிக்கிற பெண்ணுக்கு இந்த 86 சதவீதம் பொருந்தாது என்பதையும் சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

இப்போது நால்ட்ரெக்ஸோன். இதன் வம்சாவளியே வேறு. இது வதையிலிருந்து வந்த மருந்து.

வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் தங்களுக்குள் கூடிப் பேசிய சிறு குழுக்களிலிருந்து, அவர்களுடன் நின்ற சில உளவியலாளர்களின் வற்புறுத்தலிலிருந்து, 1980இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டுக்குள் பி.டி.எஸ்.டி. என்ற நோய் நுழைந்தது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் என்று நாம் மொழிபெயர்க்கிறோம். யாழ்ப்பாணத்து உளமருத்துவர்கள் இதைவிட நல்ல சொல் ஒன்றைத் தந்தார்கள்: மனவடு. அந்தச் சிப்பாய்களில் கணிசமானவர்கள் குடியிலும் மூழ்கியிருந்தார்கள். 1985இல் எட்வர்ட் கான்ட்ஸியன் என்ற உளப்பகுப்பாய்வாளர் போதையைச் சுயமருத்துவம் என்று வாசித்தார். இன்பத்துக்காக அல்ல, தாங்க முடியாத உணர்வு ஒன்றை அமுக்குவதற்காகவே ஒருத்தன் தனக்கேற்ற பொருளைத் தேடிக்கொள்கிறான் என்பது அவர் வாதம். ஒழுக்கச் சொல்லாடலை உடைத்த வகையில் இது பெரிய நகர்வு.

ஆனால் சுயமருத்துவம் என்றால் வலிக்கும்போதல்லவா குடிக்க வேண்டும்? பிலடெல்பியாவில் ஜோசப் வோல்பிசெல்லி என்ற ஆய்வாளர் எலிகளிடம் இதைப் பார்த்தார். எலிக்குத் தப்பிக்க வழியில்லாத மின் அதிர்ச்சிகள். பக்கத்தில் தண்ணீரும் இருக்கிறது, மதுக்கரைசலும் இருக்கிறது. அதிர்ச்சி கொடுக்கும் நாளில் எலி கூடுதலாகக் குடிக்கவில்லை. அது நின்ற பிறகுதான் குடி ஏறியது. அவர் தந்த விளக்கம் இது. வதைபடும்போது உடம்பு தானே அபின் போன்ற ஒரு பொருளைச் சுரந்துகொள்கிறது, எண்டார்ஃபின். அதனால்தான் வெட்டுப்பட்டவனுக்கு அந்த நிமிஷம் வலி தெரிவதில்லை. வதை நின்றதும் சுரப்பு சரிகிறது. சரிந்த இடத்தில் ஒரு பள்ளம். அபினிக்காரனுக்கு அபின் கிடைக்காதபோது வரும் தவிப்பு போன்றது அது. மது எண்டார்ஃபினைத் தூண்டுகிறது, பள்ளத்தை நிரப்புகிறது. சண்டைக் களத்தில் திடமாக நின்றவன் ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்துக் குடிகாரன் ஆவதை, விபத்தில் பிணங்களைத் தூக்கிப்போட்டவன் சாயங்காலம் கடையில் போய் நிற்பதை இந்த விளக்கத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

அப்படியானால் எண்டார்ஃபின் போய் அமரும் ஏற்பியை அடைத்துவிட்டால்? 1986இல் எலிகளிடம் நால்ட்ரெக்ஸோன் கொடுத்துப் பார்த்தார்கள். அதிர்ச்சிக்குப் பிந்தைய குடி ஏறவில்லை. 1992இல் மனிதர்களிடம் இரண்டு சோதனைகள் வெளியாயின. அதில் ஒன்று வோல்பிசெல்லி குழுவினுடையது, முன்னாள் சிப்பாய்களுக்கான மருத்துவமனையில் 70 ஆண்களிடம் நடந்தது. 1994 டிசம்பரில் அமெரிக்க அரசு குடிக்கான மருந்தாக இதை அனுமதித்தது. ஹெராயின் பழக்கத்துக்காக 1984இலிருந்தே புழக்கத்தில் இருந்த மாத்திரைதான்.

இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் ஒன்றும் ஆகாது. அதுதான் விஷயம். வாந்தி வராது, நெஞ்சு அடைக்காது. போதை ஏறும், ஆனால் அந்த 'கிக்கு' இருக்காது. எங்கள் ஊரில் இதை எடுத்த ஒருவர் சொன்னது: 'தண்ணி அதே தண்ணிதான் தோழர், என்னமோ கட்டிங் போட்ட மாதிரியே இல்ல, அடுத்தது வாங்கணும்னு தோணல, எந்திரிச்சு வந்துட்டேன்.' பயத்தின் மேல் நிற்காத மருந்து. குடியை முழுக்க விட்டால்தான் சிகிச்சை என்ற மத நிபந்தனையும் இதற்குத் தேவையில்லை. பின்லாந்தில் ஜான் டேவிட் சின்க்ளேர் என்பவர் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இதை விழுங்கச் சொல்லும் முறையையே வகுத்தார். பரிசு கிடைக்காத பழக்கம் மெல்ல உதிரும் என்பது அவர் கணக்கு.

மிகைப்படுத்த வேண்டாம். 2014இல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வின்படி, 12 பேருக்கு இந்த மாத்திரையைக் கொடுத்தால் அதனால் கூடுதலாக ஒருவர் கடுங்குடிக்குத் திரும்பாமல் தப்புகிறார். 12க்கு 1. ஈரல் முற்றாகக் கெட்டவருக்கும் அபின் வகை வலிமாத்திரை எடுப்பவருக்கும் இதைக் கொடுக்கக் கூடாது. 'கார்ப்பரேட் மாத்திரை, உடம்பின் மீதான அதிகாரம்' என்று நம் நண்பர்கள் சிலர் உதறுவது எனக்குத் தெரியும். மருந்து நிறுவனங்களுக்குக் காப்புரிமை தீர்ந்துபோன இந்த மாத்திரையில் ஆர்வமே இல்லை என்பதுதான் யதார்த்தம். அதிகாரம் இங்கே கொடுப்பதில் அல்ல, கொடுக்காமல் விடுவதில் இருக்கிறது.

எழுத்தாளர்கள் படிக்கிற பத்திரிகை என்பதால் இடையில் ஒன்று. குடியைக் கலகமாக, படைப்பின் எரிபொருளாக நாம் எழுதிவைத்த பக்கங்கள் கொஞ்சநஞ்சமல்ல. செத்துப்போன கவிஞர்களின் அஞ்சலிக் கூட்டங்களில் குடிக் கதைகள்தாம் அதிகம் சிரிப்பை வாங்குகின்றன. என் நண்பர் ஒருவர், கவிதை எழுதுபவர், ஒரு தனியார் மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம் அடைக்கப்பட்டிருந்தார். காலையில் தோப்புக்கரணம், மாலையில் பஜனை. சின்ன வயதில் அவர் தெரு எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர் என்று எனக்குத் தெரியும், கவிதை படித்த எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று மாதத்தில் அவரிடம் அதை யாரும் கேட்கவில்லை. சரி, அவர்களை விடுங்கள். அதற்கு முந்தைய பதினைந்து வருஷத்தில் நாங்களும் கேட்கவில்லை. கவிதை நல்லா வந்திருக்கு என்றோம்.

'மொதல்ல குடிய நிறுத்து, அப்புறம் மத்தத பேசலாம்.' இது உலகம் முழுக்க இருந்த மருத்துவ விதி. மனவடுவைக் கிளறினால் குடி கூடிவிடும் என்ற பயம். விளைவு என்னவென்றால், குடிப்பவனிடம் காயத்தைப் பேசக் கூடாது, காயம் பேசப்படாதவரை அவன் குடியை விட முடியாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பூட்டை உடைத்தது. குடியும் மனவடுவும் சேர்ந்திருந்த 165 பேரை எட்னா ஃபோவா குழுவினர் நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நால்ட்ரெக்ஸோனும், நடந்ததைத் திரும்பத் திரும்ப விவரிக்க வைக்கும் பேச்சுச் சிகிச்சையும். மற்றவற்றுக்கு இரண்டில் ஒன்று, அல்லது வெற்று மாத்திரை. நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்கள் குடித்த நாட்கள் குறைந்தன. காயத்தைப் பேசியதால் குடி கூடவில்லை. சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து எல்லாப் பிரிவிலும் குடி கொஞ்சம் ஏறியிருந்தது. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களிடம் ஏற்றம் மிகக் குறைவு. மனவடுவின் அறிகுறிகள் நான்கு பிரிவிலுமே தணிந்திருந்தன, ஆகவே பேச்சுச் சிகிச்சைக்குத் தனி மகுடம் எதுவும் சூட்ட முடியாது. ஆனால் 'பேசினால் கெடும்' என்ற விதி பொய்த்துப்போனது. அதுவே பெரிய விஷயம்.

இதுவரை எலியை நம்பி வந்துவிட்டோம். இனி எலி நமக்கு எவ்வளவு தூரம் வரும் என்று பார்க்க வேண்டும்.

1980இன் கையேடு, மனவடுவை உண்டாக்கும் சம்பவம் வழக்கமான மனித அனுபவத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. யாருடைய வழக்கம்? தினமும் அடிவாங்கும் மனைவிக்கு அடி வழக்கம்தான். வல்லுறவு பல பெண்களின் வழக்கமான அனுபவத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று பெண்ணியவாதிகள் எழுதினார்கள். 1994இன் பதிப்பில் அந்த வாசகம் போயிற்று. ஆனால் 'பிந்தைய' என்ற முன்னொட்டு போகவில்லை. நம் 'மனவடு'விலும் அது ஒளிந்திருக்கிறது. வடு என்றால் ஆறிய காயம் அல்லவா? ஆறாமல் தினமும் கீறப்படுகிற ஒன்றை என்னவென்று சொல்வது?

மதுரையில் துப்புரவுப் பணி செய்யும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். எலி ஆய்வைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். 'எலிக்கு கரண்ட்ட நிறுத்துறாங்கல்ல சார். எங்களுக்கு மறுநா காலைல திரும்ப உண்டுல்ல. நாங்க ஏறுனப்புறமும் குடிப்போம், எறங்குறதுக்கு முன்னாடியும் குடிப்போம். குடிக்காம மூடியத் தெறந்து பாருங்க, தெரியும்.' சட்டம் 1993இலும் 2013இலும் இந்த வேலையைத் தடை செய்துவிட்டது. சாக்கடைக் குழியில் செத்தால் இழப்பீடு பத்து லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023இல் முப்பது லட்சமாக்கியது. வேலை நிற்கவில்லை. இந்த மனிதரின் குடி, வதைக்குப் பிந்தையது மட்டுமல்ல. வதைக்கு முந்தையதும், வதையின் ஊடானதும். அது அவருடைய வேலைக் கருவி. வாளி, கயிறு, குவார்ட்டர்.

இவருக்கு நால்ட்ரெக்ஸோன் கொடுப்பது என்றால் என்ன அர்த்தம்? ஃபனான் நினைவுக்கு வருகிறார். அல்ஜீரியாவில் பிளிடா மருத்துவமனையில் 1953 முதல் 1956 வரை அவர் வேலை பார்த்தார். அவரிடம் சித்திரவதை செய்யப்பட்டவர்களும் வந்தார்கள், செய்பவர்களும் வந்தார்கள். ஓர் அய்ரோப்பியப் போலீஸ் அதிகாரி வீட்டில் மனைவி மக்களை அடிக்கத் தொடங்கிவிட்டார். சித்திரவதை வேலையை விடுவதாக இல்லை. மனசாட்சி உறுத்தாமல் அதைத் தொடர்ந்து செய்ய உதவுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டார். 1961இல் வந்த தன் கடைசி நூலில் ஃபனான் இதைப் பதிவு செய்திருக்கிறார். துப்புரவுப் பணியாளர் சித்திரவதை செய்பவர் அல்ல, செய்யப்படுபவர். ஒப்புமை அங்கே இல்லை. மருத்துவம் யாருக்காக ஒருவரைச் சரிசெய்து எங்கே திருப்பி அனுப்புகிறது என்ற கேள்விதான் பொது. குடியில்லாமல் குழிக்குள் இறங்க வைப்பதற்கு மாத்திரை என்றால் மாநகராட்சியே மொத்தமாக வாங்கிவைத்துவிடும்.

இதை அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, 'கொடுக்கட்டும் சார். தெளிவா இருந்தா மொத நாளே எறங்க மாட்டேன்னு சொல்லிருவேன்ல' என்றார். இந்தப் பதிலுக்கு மேல் என்னிடம் கோட்பாடு எதுவுமில்லை. அவர் தெளிவுக்கு வந்தபிறகு வேலையை மறுத்தால் அவர் பின்னால் யார் நிற்பார்கள் என்பது மாத்திரையில் எழுதப்பட்டிருக்கவில்லை. அது சங்கத்தின் வேலை.

இன்னொரு பக்கமும் உண்டு. மனவடு என்ற சொல் ஆண்களின் கையில் மன்னிப்புக் கடிதமாகிவிடும் ஆபத்து. 'அவன் பட்ட பாடு, அதான் குடிக்கிறான், அதான் அடிக்கிறான்.' அடிபடுகிறவளின் மனவடு யார் கணக்கில்? அவள் குடிப்பதில்லை என்பதாலேயே அவளுக்குக் காயமில்லை என்று ஆகிவிடுகிறது. ஈழத்தில் 2009 மே மாதத்துக்குப் பிறகு வடக்கில் குடி பெருகியதை உளமருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனித நோயாக அல்லாமல் ஒரு சமூகமே பட்ட காயத்தின் வெளிப்பாடாகப் பார்த்து எழுதினார். அவருடைய 2014ஆம் ஆண்டு நூலில் இந்த வாதம் விரிவாக இருக்கிறது. கூட்டு மனவடு என்ற அந்தக் கருத்தாக்கம் முக்கியமானது. குடும்பம், ஊர், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து சிதைந்த இடத்தில் ஒருத்தனை மட்டும் பிடித்து மாத்திரை கொடுத்துப் பயனில்லை. ஆனால் அந்தக் கூட்டுக்குள்ளும் அடிக்கிற கை ஒன்று, அடிபடுகிற முதுகு ஒன்று என்பதை மறக்காமல்தான் இதையும் வாசிக்க வேண்டும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, 'குடித்துச் செத்தவனுக்கு எதற்குப் பத்து லட்சம்' என்று எழுதிய நண்பர்கள் நம்மிலும் இருந்தார்கள். மெத்தனால் நஞ்சுக்கு மருந்துகளில் ஒன்று மதுவேதான் என்பதை அப்போது சொல்ல வாய்க்கவில்லை. எத்தனால் போய் ஈரலின் நொதியைப் பிடித்துக்கொண்டால் மெத்தனால் நஞ்சாக மாற முடியாமல் வெளியேறும். ஒரே திரவம் எந்தக் கையிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மருந்து.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது அல்லது போதைப் பொருளால் வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதன் 18ஆவது பிரிவின்படி அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் அரசின் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே எல்லா இடங்களிலும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 95ஆவது பிரிவு சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நால்ட்ரெக்ஸோனையும் அகாம்ப்ரோசேட்டையும் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2021இல் தமிழக அரசு வீடுதேடி மருத்துவம் கொண்டுவந்தபோது அந்தப் பையில் இருந்தவை ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள். கடையை மூடச் சொல்லி நாம் எழுதும் மனுக்களில் இந்த இரண்டு மருந்துப் பெயர்களையும் ஒரு வரியில் சேர்ப்பதற்கு என்ன தடை? போன மாதம் எங்கள் பகுதி அரசு மருத்துவமனை ஒன்றில் நால்ட்ரெக்ஸோன் இருக்கிறதா என்று விசாரித்தேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் பெயரை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, 'இது யாருக்கு, உங்களுக்கா?' என்றார். என் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்னை எங்கே அனுப்பியிருப்பார் என்று பார்ப்பதற்காக, ஆமாம் என்றேன். தோப்புக்கரணம் போட வைக்கிற அந்த இல்லத்தின் நோட்டீஸ் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.